ஊதா மூடிக் குழாய்: ஆய்வுகூட அக்காவின் பதில்கள்

சென்ற இதழில் ஒரு அம்மா, எச்.ஐ.வி மருந்து எடுப்பவர்களுக்கு என்னென்ன இரத்தப் பரிசோதனை தேவை என்று கேட்டிருந்தார். நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களைப் பார்த்தபோது நாலு வரி போதவே போதாது என்று விளங்கியது. ஆகவே இந்த முறை என் பக்கம் முழுவதும் இந்த விடயத்துக்குத்தான். எழுதியவர்களின் பெயரையோ முதல் எழுத்தையோகூடப் போடவில்லை. ஊரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடிக்கும் இடத்தில் ஊரையும் மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: என் தம்பி நான்கு வருடமாக எச்.ஐ.வி மருந்து எடுக்கிறான். கிளினிக்கில் வருடத்துக்கு ஒருமுறைதான் வைரஸ் அளவு பார்க்கிறார்கள். சீ.டீ.4 பார்ப்பதையும் நிறுத்திவிட்டார்கள். இலவசம் என்பதால் அக்கறை குறைந்துவிட்டதோ என்று பயந்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வெளியே காசு கட்டி சீ.டீ.4 பார்க்கிறோம். போன முறை 640, இந்த முறை 510. மருந்து பிடிக்கவில்லையா? (நெல்லியடிப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா)

பதில்: முதலில் அந்தக் காசைக் கட்டுவதை நிறுத்துங்கள், தங்கச்சி. கிளினிக்கில் செய்வதுதான் சரி. அக்கறை குறைந்து நிறுத்தவில்லை, தேவை இல்லை என்று தெரிந்துதான் நிறுத்தியிருக்கிறார்கள்.

சீ.டீ.4 என்பது நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுவின் எண்ணிக்கை. நலமாக இருக்கும் ஒருவருக்கு ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் 500 முதல் 1,500 வரை இருக்கும். வைரல் லோட் என்பது அந்த அணுக்களை அழிக்கும் வைரஸ் ஒரு மில்லிலீற்றரில் எத்தனை பிரதி இருக்கிறது என்ற கணக்கு. வெங்காயத் தோட்டம் செய்பவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒன்று பயிரை எண்ணுவது, மற்றது பூச்சியை எண்ணுவது. பூச்சி இல்லை என்று தெரிந்த தோட்டத்தில் தாள் எத்தனை பச்சையாக நிற்கிறது என்று கிழமைக்குக் கிழமை எண்ணத் தேவையில்லை. அது தானாக வளரும்.

பூச்சி வந்தால் அது முதலில் தெரிவதும் வைரல் லோட்டில்தான். சீ.டீ.4 விழுவதற்குச் சில மாதங்கள் எடுக்கும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2013இல் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வைரல் லோட்டையே முதல் தெரிவாக வைக்கச் சொன்னது. மருந்து தொடங்கி 6ஆம் மாதம் ஒன்று, 12ஆம் மாதம் ஒன்று, பிறகு வருடத்துக்கு ஒன்று. வைரஸ் அடங்கி, ஆளும் நலமாக இருந்தால் சீ.டீ.4ஐத் தொடர்ந்து பார்ப்பதை நிறுத்தலாம் என்று பின்னர் தெளிவாகவே சொல்லிவிட்டது.

640க்கும் 510க்கும் உள்ள வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்கு. இந்த அணுக்கள் காலையில் ஒரு அளவும் பின்னேரம் ஒரு அளவுமாக இருக்கும். ஒரு தடிமன் வந்தாலே குறையும். இயந்திரத்துக்கு இயந்திரமும் மாறும். முப்பது வீதத்துக்கு உள்ளே வரும் ஏற்ற இறக்கத்தை நாங்கள் மாற்றம் என்றே எடுப்பதில்லை. இந்த 130க்காக நீங்கள் எத்தனை இரவு நித்திரை கொள்ளாமல் இருந்தீர்களோ தெரியாது. தேவையில்லாத பரிசோதனையால் வரும் பெரிய கெடுதல் அதுதான்.

சீ.டீ.4 வேண்டிய நேரங்களும் இருக்கின்றன. மருந்து தொடங்கும்போது கட்டாயம் பார்க்கவேண்டும். மருந்தை இடையில் விட்டுத் திரும்ப வருபவருக்கும், வைரஸ் மேலே ஏறியவருக்கும், காய்ச்சல், மெலிவு, விடாத தலையிடி என்று வருபவருக்கும் பார்க்கவேண்டும். 200க்குக் கீழே என்றால் சயரோகமும் மூளைக்காய்ச்சல் தரும் கிரிப்டோகொக்கஸ் என்ற பூஞ்சணமும் பதுங்கியிருக்கிறதா என்று உடனே தேடவேண்டும். உங்கள் தம்பி வைரஸ் அடங்கி நலமாக இருந்தால் இந்த நிலை ஒன்றும் அவனுக்கு இல்லை. அவன் வருடாந்த வைரல் லோட்டைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

கேள்வி: நான் மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பம் படிக்கும் மாணவன். பெரிய இயந்திரம் இல்லாத நாடுகளில் இந்தப் பரிசோதனைகளை எப்படிச் செய்தார்கள்? குறைந்த செலவில் செய்ய என்ன வழிகள் இருக்கின்றன? (யாழ்ப்பாணம்)

பதில்: தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் 1995ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள் ஞாபகம் வந்தன. இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில்தான் எங்கள் ஆய்வுகூடம். மின்சாரம் இல்லை. கீழே கண்ணாடி வைத்த பழைய நுண்ணோக்கி ஒன்று இருந்தது. அதை யன்னல் ஓரம் வைத்து, வெயிலைக் கண்ணாடியில் பிடித்து, மலேரியாச் சிலைட் பார்ப்போம். மப்பு வந்தால் வேலை நிற்கும். வெளிக்கும்வரை காய்ச்சல்காரர்கள் விறாந்தையில் படுத்திருப்பார்கள். அந்தச் சிலைட்டுகளும் நாடு முழுக்க அதைப் பார்த்த கண்களும் சேர்ந்துதான் 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கியது. மலிவான பரிசோதனை என்றால் தரம் குறைந்த பரிசோதனை என்று யாரும் சொன்னால் எனக்கு இந்த வகுப்பறைதான் கண்முன் வரும்.

சரி, எச்.ஐ.விக்கு வருவோம். இந்தியாவில் முதன்முதலாக இந்த வைரஸ் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில் வைத்தியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி நிர்மலா சேகரித்த இரத்தத்தில். இலங்கையர் ஒருவரிடம் கண்டறியப்பட்டது 1987இல். அந்தக் காலத்தில் இங்கே மருந்தே இல்லை, ஆகவே கண்காணிக்கவும் ஒன்றும் இல்லை. மருந்து வந்தபின் அதன் விலை ஏழை நாடுகளுக்கு எட்டவில்லை. 2001இல் இந்தியாவின் சிப்லா கம்பனி மூன்று மருந்துச் சேர்க்கையை ஆளுக்கு வருடம் 350 டொலருக்குத் தருகிறோம் என்று சொன்னதோடு நிலைமை மாறியது. மருந்து மலிந்ததும் அடுத்த கேள்வி வந்தது: மருந்தைவிட அதைக் கண்காணிக்கும் பரிசோதனைக்குக் கூடச் செலவானால் என்ன செய்வது?

முதல் வழி, கையில் உள்ளதை வைத்துக் கணிப்பது. முழுக் குருதிக் கணக்கு எங்கும் செய்யலாம். வெள்ளணு 4,000, அதில் லிம்போசைட் (சீ.டீ.4உம் அடங்கும் வெள்ளணு வகை) 28 வீதம் என்றால் மொத்த லிம்போசைட் 1,120. சீ.டீ.4 பார்க்க வசதி இல்லாத இடத்தில், நோய் அறிகுறி உள்ளவருக்கு இது 1,200க்குக் கீழே இருந்தால் மருந்து தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஒரு காலத்தில் அனுமதித்தது. தொடங்குவதற்கு அது உதவியது. ஆனால் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க உதவவில்லை.

இரண்டாவது, நுண்ணோக்கியில் கையால் எண்ணுவது. காந்தத்தில் ஒட்டும் மிகச் சிறிய மணிகளில் சீ.டீ.4ஐப் பிடிக்கும் பிறபொருளெதிரியைப் பூசியிருப்பார்கள். இரத்தத்தில் அதைக் கலந்து, குழாயைக் காந்தத்தில் வைத்தால், மணியோடு ஒட்டிய அணுக்கள் குழாய்ச் சுவரில் நிற்கும். மற்றதைக் கழுவி ஊற்றிவிட்டு, அணுவை உடைத்து, கருவுக்கு நிறமூட்டி, நியூபவர் சேம்பர் என்ற கட்டம் கீறிய கண்ணாடியில் எண்ணவேண்டும். மொனோசைட் என்ற வேறு வெள்ளணுக்களிலும் சீ.டீ.4 இருப்பதால் அவற்றை முதலில் வேறு மணியால் அகற்றவேண்டும். அந்தப் படியை விட்டால் விடை கூடித்தான் வரும். நியூபவர் சேம்பரில் எண்ணிப் பழகிய கைக்கு இது புதிய வேலை இல்லை. ஆனால் கண் களைத்துவிடும். ஒரு கிளினிக்குக்கு நாற்பது பேர் வந்தால் ஓர் ஆளால் முடியாது. பிறகு பீமா போன்ற சிறு கருவிகள் வந்தன. விரல் நுனியில் குத்திய இரத்தம், இருபது நிமிடம், விடை. பற்றரியில் ஓடும்.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது: எதைச் செய்யாமல் விடலாம் என்று கண்டுபிடித்தது. 2003இலிருந்து ஐந்து வருடத்துக்கு மேலாக உகண்டாவிலும் சிம்பாப்வேயிலும் டார்ட் என்ற பெரிய ஆய்வு நடந்தது. 3,316 பேர். ஒரு பாதிப் பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை விடைகளைப் பார்த்து வைத்தியம். மறுபாதிப் பேருக்கு உடம்பைப் பார்த்து, கேட்டு, தொட்டு வைத்தியம், தேவைப்பட்டால் மட்டும் பரிசோதனை. ஐந்து வருடத்தின் பின் முதல் பாதியில் 90 வீதமானோர் உயிரோடு இருந்தார்கள், மறுபாதியில் 87 வீதம். மருந்தின் பக்கவிளைவுகளில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது ஈரலையும் குருதியையும் மூன்று மாதத்துக்கொரு தடவை எல்லோருக்கும் பார்த்ததால் பெரிய பயன் கிடைக்கவில்லை. இரண்டாம் வருடத்திலிருந்து சீ.டீ.4 பார்த்ததில்தான் அந்த மூன்று வீதத்தின் பெரும்பகுதி இருந்தது. ஆய்வுகூடம் இல்லை என்று யாருக்கும் மருந்தை மறுக்கக்கூடாது என்பதை இந்த ஆய்வு நிரூபித்தது. என் தொழிலே பரிசோதனைதான். இருந்தாலும் இந்த விடையை நான் மனமார ஏற்கிறேன். அந்த மூன்று வீதமும் மனித உயிர்கள்தான் என்பதையும் சேர்த்தே ஏற்கிறேன். ஆகவே மருந்து முதலில், பிறகு இயன்ற விரைவில் நல்ல பரிசோதனை.

இப்போது வைரல் லோட்டுக்கே மலிவான வழிகள் உண்டு. சயரோகத்துக்குச் சளி பார்க்க வாங்கிய ஜீன்எக்ஸ்பேர்ட் இயந்திரத்திலேயே வேறு கார்ட்ரிஜ் போட்டால் ஒன்றரை மணித்தியாலத்தில் எச்.ஐ.வி வைரல் லோட் பார்க்கலாம். ஒரே இயந்திரத்தை இரண்டு நோய்க்குப் பங்கிட்டால் புதிதாக ஒன்று வாங்கவேண்டியதில்லை.

இன்னொன்று, சேர்த்துப் பார்ப்பது. இதை ஒரு தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். 100 பேர். ஐந்து ஐந்து பேருடைய பிளாஸ்மாவை (அணுக்கள் நீக்கிய இரத்த நீரை) சம அளவில் கலந்து 20 கலவை. ஒவ்வொரு கலவையையும் ஒரு தடவை பரிசோதிக்கவேண்டும். கலக்கும்போது ஐந்து மடங்கு ஐதாவதால், இதற்கு மேலே போனால் வைரஸ் ஏறியது என்று எடுக்கும் 1,000 என்ற எல்லையை 200ஆக எடுக்கவேண்டும். 200க்குக் கீழே என்றால் ஐந்து பேரும் தப்பினார்கள். மேலே வந்த கலவையில் மட்டும் ஐவரையும் தனித்தனியே பார்ப்போம். நூறில் ஐந்து பேருக்கு வைரஸ் ஏறியிருந்து, அந்த ஐவரும் ஐந்து வேறு கலவையில் விழுந்தாலும், 20உம் 25உமாக 45 பரிசோதனையோடு முடிந்துவிடும். பாதிக்கும் மேல் மிச்சம். ஆனால் நூறில் இருபது பேருக்கு ஏறியிருந்தால் எல்லாக் கலவையும் மேலே வரக்கூடும், இலாபம் போய்விடும். நன்றாக மருந்து எடுக்கும் ஊருக்குத்தான் இந்தச் சிக்கனம் பொருந்தும்.

கடைசியாக ஒன்று, தம்பி. இரத்தத்தைப் பழுதாக்கிவிட்டால் எந்த இயந்திரமும் மலிவாகாது. பல வருடத்துக்கு முன் தூரத்து இடம் ஒன்றிலிருந்து சீ.டீ.4க்கு ஊதா மூடிக் குழாய்கள் வந்தன. றெஜிபோம் பெட்டியைத் திறந்தால் குழாய்கள் ஐஸ்கட்டியோடு முட்டிக்கொண்டு கிடந்தன. அனுப்பிய பிள்ளை கெட்டுப்போகக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் ஐஸ் போட்டிருக்கிறார். சீ.டீ.4 இரத்தம் அறை வெப்பநிலையில்தான் வரவேண்டும், குளிரில் அணுக்கள் கெட்டுவிடும். பதினொரு பேருடைய இரத்தம். ஒவ்வொருவரையும் திரும்பக் கூப்பிடவேண்டியிருந்தது. இருவர் வரவே இல்லை. அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை, பிழை எங்களுடையது. நீங்கள் நாளைக்கு வேலைக்குப் போனால் குழாய் அனுப்பும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தடவையாவது நேரே போய் வாருங்கள்.

கேள்வி: இரண்டு வருடமாக வைரஸ் "காணப்படவில்லை" என்றே வந்தது. இம்முறை 2,400 என்று வந்திருக்கிறது. மூன்று மாதத்தில் திரும்ப எடுக்கவேண்டும் என்கிறார்கள். மருந்து தோற்றுவிட்டதா? இப்போதே மாற்றச் சொல்லி அழட்டுமா? நான் ஒரு நாளும் மருந்தை விடவில்லை. (சாவகச்சேரி)

பதில்: அழவேண்டாம் அம்மா. 1,000க்கு மேலே வந்தால் முதலில் மருந்து எடுக்கும் முறையை உட்கார்ந்து கதைத்து, மூன்று மாதம் சரியாக எடுத்து, திரும்பப் பார்ப்பதுதான் முறை. பலருக்கு இரண்டாம் தடவை கீழே வந்துவிடும். அவசரமாக மாற்றினால் நல்ல மருந்து ஒன்றைக் காரணமில்லாமல் இழப்பீர்கள்.

நீங்கள் மருந்தை விடவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், முழங்கால் நோவுக்கு கல்சியமும் இரத்தம் குறைவென்று இரும்புச்சத்துக் குளிசையும் வாங்கி, "எல்லாவற்றையும் மறக்காமல் இரவில் ஒன்றாய்ப் போடுறன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை இரண்டு தடவை வாசித்தேன். இப்போது பெரும்பாலானோர் எடுக்கும் ஒற்றைக் குளிசையில் டொலுட்டெகிராவிர் என்ற மருந்து இருக்கிறது. வெறும் வயிற்றில் கல்சியமோ இரும்போ அதோடு சேர்ந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு உறிஞ்சாது. வாயுவுக்குக் குடிக்கும் அன்ராசிட்டும் அப்படித்தான். எச்.ஐ.வி குளிசையைப் போட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து மற்றதைப் போடலாம். மற்றதை முதலில் போட்டால் ஆறு மணித்தியாலம் பொறுக்கவேண்டும். கல்சியத்தையும் இரும்பையும் மட்டும் சாப்பாட்டோடு என்றால் சேர்த்துப் போடலாம். அன்ராசிட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. இதுதான் காரணம் என்று நான் இங்கிருந்து தீர்ப்புச் சொல்லமுடியாது. குளிசை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். சயரோக மருந்து ஏதும் தொடங்கியிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், அதற்கு மருந்தின் அளவையே மாற்றவேண்டும்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் கொஞ்சம் கூடியிருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். டொலுட்டெகிராவிர் தொடங்கியதும் சிறுநீரகத்துக்கு ஒரு கெடுதலும் இல்லாமலே அந்த எண் சற்று ஏறி அங்கேயே நிற்கும். தொடர்ந்து ஏறினால்தான் யோசிக்கவேண்டும். அதே குளிசையில் உள்ள டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதால் கிளினிக்கில் பார்க்கச் சொல்லும்போது பாருங்கள்.

கேள்வி: "காணப்படவில்லை" என்றால் குணமாகிவிட்டதா? (கோண்டாவில்)

பதில்: இல்லை. வைரஸ் இரத்தத்தில் அளவிடமுடியாத அளவுக்கு அடங்கியிருக்கிறது, உடம்பின் உள்ளே சில அணுக்களில் ஒளிந்திருக்கிறது. மருந்தை விட்டால் சில கிழமைகளில் திரும்ப வரும். ஆனால் மருந்தை விடாமல் அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. இது உறுதியான முடிவு. கல்யாணம் செய்யலாமா, பிள்ளை பெறலாமா என்று கேட்ட மற்ற இருவருக்கும் இதுவே என் பதில்: செய்யலாம், பெறலாம், கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லிவிட்டு. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ஒரு சிறு இரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான் அதன் அடித்தளம்.

கேள்வி: டெங்கு வந்த பிள்ளைகளுக்கே ஆஸ்பத்திரியில் கட்டில் போதாது. தாங்களாகத் தேடிக்கொண்ட நோய்க்கு அரசாங்கம் ஏன் விலை கூடிய பரிசோதனை செய்யவேண்டும்? (ஊர் எழுதவில்லை)

பதில்: உங்கள் கோபத்தின் பின்னால் ஒரு பிள்ளை கட்டில் இல்லாமல் கிடந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் குறை உண்மை. ஆனால் அதற்கு இவர்கள் பொறுப்பில்லை.

என் கையால் இரத்தம் எடுத்தவர்களில் கணவனிடமிருந்து தொற்றிய பெண்கள் இருக்கிறார்கள். பிறந்த நாள் முதல் மருந்து குடிக்கும் பிள்ளை இருக்கிறது. மற்றவர்களும் இருக்கிறார்கள். ஒருவரிடமும் எப்படி வந்தது என்று கேட்டு அதன்படி ஊசியைக் குத்துவதில்லை. செலவுக் கணக்கே வேண்டுமென்றால் இதோ: வைரஸ் அடங்கிய ஒருவர் வேலைக்குப் போகிறார், ஆஸ்பத்திரியில் கட்டில் பிடிப்பதில்லை, இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. அடங்காதது தெரியாமல் விட்ட ஒருவர் சயரோகத்தோடும் மூளைக்காய்ச்சலோடும் வந்து மாதக்கணக்கில் படுத்திருப்பார். நீங்கள் சொல்லும் கட்டில் அப்போதுதான் போகும். வருடத்துக்கு ஒரு குழாய் இரத்தம் அந்தக் கட்டிலை டெங்குப் பிள்ளைக்கு விட்டுவைக்கிறது.

கேள்வி: தீவுப் பக்கம். கடற்றொழில். கிளினிக் நாள் என்றால் விடிய முதல் படகில் வெளிக்கிட்டு, குறிகட்டுவானில் பஸ் பிடித்து, ரவுணுக்கு வந்து திரும்ப இருட்டிவிடும். ஒரு நாள் தொழில் போகும். அதைவிட, படகில் "எங்க அடிக்கடி ரவுணுக்கு?" என்று கேட்கிறார்கள். என்னுடைய குழாயில் பெயர் எழுதியிருக்குமா? இரத்தம் எடுப்பவர்களுக்கு எல்லாம் தெரியுமா? இரத்தத்தை இங்கேயே எடுத்து அனுப்பமுடியாதா?

பதில்: அண்ணை, வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது உங்களுடையதுதான். இவ்வளவு நேரமும் கார்ட்ரிஜ் விலை, கலவைக் கணக்கு என்று எழுதினேன். பரிசோதனையின் உண்மையான விலை உங்கள் கடிதத்தில்தான் இருக்கிறது. படகுக் காசு, பஸ் காசு, ஒரு நாள் மீன், அதோடு படகில் கேட்கும் அந்தக் கேள்வி. ஆஸ்பத்திரியில் இலவசம் என்று எழுதியிருந்தாலும் நீங்கள் ஒவ்வொரு தடவையும் இவ்வளவும் கட்டித்தான் வருகிறீர்கள்.

முதலில் பெயரைப் பற்றி. பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் உங்களுக்கு ஓர் இலக்கம் தருவார்கள், குழாயில் போவது அந்த இலக்கம். எப்போதும் அப்படி இருக்கவில்லை. நான் வேலைக்கு வந்த புதிதில் ஓர் ஆய்வுகூடத்தில், படிவத்தின் மேல் எச்.ஐ.வி என்று சிவப்பு மையால் பெரிதாக எழுதுவார்கள், எல்லோரும் கவனமாக இருக்கவேண்டுமாம். அந்தப் படிவம் மேசையில் கிடந்ததை அடுத்த ஆள் வாசித்தார். அது அவருடைய ஊர்க்காரப் பெண். அந்தப் பெண் பிறகு எந்தக் கிளினிக்குக்கும் வரவில்லை. அவரை நான் இன்னும் மறக்கவில்லை. அந்தச் சிவப்பு மையால் யாருக்கும் ஒரு பாதுகாப்பும் இல்லை. எந்தக் குழாயில் எது இருக்கும் என்று தெரியாது என்பதால், வருகிற ஒவ்வொரு குழாயையும் ஒரே கவனத்தோடு, கையுறையோடு தொடுவதுதான் சரியான முறை. அப்படிச் செய்யும் இடத்தில் குறி போடத் தேவையே இல்லை. யாராவது உங்கள் படிவத்தில் அப்படி எழுதினால் நீங்கள் அதைக் கேட்கலாம். உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது.

இரத்தத்தை அங்கேயே எடுத்து அனுப்ப வழி இருக்கிறது. ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் கடதாசியில்தான் அனுப்புகிறார்கள். தடித்த வடிகட்டித் தாள் அட்டை, அதில் ஐந்து வட்டம். விரல் நுனியில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த சொட்டுகளை வட்டத்துக்கு ஒன்றாக விடவேண்டும். விரலைத் தாளில் அழுத்தக்கூடாது, சொட்டு தானாக இறங்கி வட்டம் நிரம்பவேண்டும். பின்பக்கமும் அதே அளவுக்கு ஊறியிருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கவேண்டும். பிறகு வெயில் படாமல், ஒன்றோடொன்று முட்டாமல், குறைந்தது நான்கு மணித்தியாலம் காயவிடவேண்டும். சிவப்பாக வைத்த இரத்தம் காய்ந்து மண்நிறமாகும்போதுதான் சரி. உங்கள் பக்கம் உப்புக்காற்று, ஆகவே ஓர் இரவு விட்டால் நல்லது. இடையில் மெழுகுத் தாள் வைத்து, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு மூடும் பையில் போட்டால் ஐஸும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். பையினுள்ளே ஒரு சிறு அட்டை இருக்கும். நீலமாக இருந்தால் உள்ளே ஈரமில்லை, இளஞ்சிவப்பானால் பொட்டலத்தை மாற்றவேண்டும். சாதாரண கடித உறையில் போகும். அதைக் கொண்டுபோகிற ஆளுக்கு உள்ளே என்ன என்று தெரியவேண்டியதில்லை.

குறையும் இருக்கிறது. ஒரு வட்டத்தில் இருப்பது ஒரு சொட்டின் அளவுதான். அதோடு அணுக்களுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸும் சேர்ந்து கணக்கில் வந்துவிடும். ஆகவே 50, 100 என்ற சிறு எண்களை இதில் நம்பமுடியாது. 1,000க்கு மேலா கீழா என்று மட்டும் நம்பிக்கையாகச் சொல்லும். தூரத்தில் இருப்பவருக்கு வருடத்துக்கு ஒருமுறை அறியவேண்டியது பெரும்பாலும் அதுதான். இந்த முறையை எங்கள் தீவுகளுக்குக் கொண்டுவரவேண்டும் என்று இந்தப் பக்கத்தின் மூலம் பொறுப்பில் உள்ளவர்களை வேண்டுகிறேன். விரலில் குத்தவும் தாளைக் காயவிடவும் தீவு வைத்தியசாலையில் இருக்கும் தாதியர் அரை நாளில் பழகிவிடுவார்கள்.

அது வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது இதுதான். நிலையாக இருப்பவர்களுக்கு மருந்தை மாதாமாதம் தராமல் ஒரேயடியாகச் சில மாதத்துக்குத் தரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலிலேயே இருக்கிறது. உங்கள் வைத்தியரிடம் தொழிலையும் படகு நேரத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்து எடுக்கும் நாளையும் இரத்தம் எடுக்கும் நாளையும் ஒரே நாளாக்கக் கேளுங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் தொழில் குறைவாக இருந்தால் வருடாந்தப் பரிசோதனையை அந்த மாதத்தில் வைக்கக் கேளுங்கள்.

இன்னொன்று. விடிய வெளிக்கிட்டு ரவுணுக்கு வரும்வரை ஒன்றும் சாப்பிடுவதில்லை, இரத்தம் எடுக்கவேண்டுமே என்று எழுதியிருக்கிறீர்கள். வைரல் லோட்டுக்கும் சீ.டீ.4க்கும் வெறும் வயிறு தேவையில்லை. சீனி, கொழுப்புப் பார்க்கவேண்டிய நாளென்றால் அதை முன்கூட்டியே சொல்லுவார்கள். மற்ற நாட்களில் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் படகேறுங்கள்.